பாயில்டு வாட்டரா, பாயிலிங் வாட்டரா? ஆங்கில வினை மக்கர் பண்ணும் இடங்கள்

வயிறு சரியில்லை என்று போனால் டாக்டர் குடிக்கச் சொல்வது ‘பாயில்டு வாட்டர்’. அதை யாராவது ‘பாயிலிங் வாட்டர்’ என்று எழுதிக் கொடுத்து, நாமும் அதை நம்பிக் குடித்தால், அடுத்த நாள் வயிற்றோடு நாக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். முன்னது கொதிக்க வைத்த தண்ணீர். பின்னது இப்போது தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பது. வினை ஒன்றுதான், வால்தான் வேறு.

அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது பல வருடமாக என் தலையில் விழுந்திருக்கும் வேலை. நம் ஆட்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. செய்வினையா, செயப்பாட்டுவினையா, எச்சமா என்று முடிவு செய்யும் இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றே. ‘இந்தப் பெயர் வேலையைச் செய்கிறதா, வேலைக்கு ஆளாகிறதா?’ என்று ஆங்கிலம் அடிக்கு ஒருதரம் கேட்கும். தமிழ் பல இடங்களில் அதைக் கேட்பதே இல்லை.

உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய பெயர்களையே வைத்துக்கொள்வோம்: கோ, வென்ட், கான் வரிசையில் மூன்றாவது ‘வி த்ரீ’, கோயிங் மாதிரி வருவது ‘இங்’.

‘ஐ ஆம் போரிங்’ என்றேன், எதிரில் இருந்தவர் சிரித்தார்

நீங்கள் நினைத்தது ‘எனக்கு போரடிக்கிறது’. சொன்னது ‘நான் ஒரு அறுவை’.

உணர்ச்சியை உண்டாக்கும் பக்கத்துக்கு இங், அது யாருக்கு உண்டாகிறதோ அவருக்கு வி த்ரீ. இதற்கு ஓர் அடையாளம் நம் வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று கு உருபோடு தொடங்கினால் அந்த ஆளுக்கு வி த்ரீ. ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறது’ என்பது ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு’. ‘இந்தப் படிவம் குழப்பமாக இருக்கிறது’ என்பது ‘திஸ் ஃபார்ம் இஸ் கன்ஃப்யூசிங்’. தமிழில் இரண்டு இடத்திலும் அதே ‘குழப்பமாக’தான், கு உருபு போனதும் ஆங்கிலத்தில் வால் மாறிவிட்டது. இன்ட்ரஸ்டட்–இன்ட்ரஸ்டிங், டயர்டு–டயரிங், சர்ப்ரைஸ்டு–சர்ப்ரைசிங் எல்லாம் இதே கதை. ‘எனக்குப் பசிக்கிறது’ போன்றவை இந்தக் கணக்கில் வராது. ஹங்க்ரி என்பது வெறும் பெயரடை.

மனிதர்களுக்கு இங் போடவே கூடாது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது தவறு. ‘மை மேனேஜர் இஸ் போரிங்’ இலக்கணப்படி ரொம்பச் சரி. மேனேஜர் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

‘சப்மிட்டிங்’கா, ‘சப்மிட்டட்’டா? பெயரை ஒட்டி வரும் வினை குழப்புகிறது

என்னிடம் வரும் வரைவுகளில் அதிகம் அடிபடுவது இதுதான். ‘தி டாக்குமெண்ட்ஸ் சப்மிட்டிங் பை தி கேண்டிடேட்’ என்று இருக்கும். எழுதியவர் மனதில் ஓடியது ‘விண்ணப்பதாரர் கொடுக்கும் ஆவணங்கள்’. தமிழில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ‘கொடுக்கும்’ இருக்கிறதே என்று இங் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இங்கேதான் நம் பெயரெச்சத்தின் தாராள குணத்தைப் பார்க்க வேண்டும். ‘உண்ட சாத்தன்’ என்கிறோம், ‘உண்ட சோறு’ என்றும் சொல்கிறோம். சாத்தன் உண்டான், சோறு யாரையும் உண்ணவில்லை. ‘உண்ட’ அதைப் பற்றிக் கவலையே படவில்லை. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறுக்கும் உரிய பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல். அதனால்தான் உண்ட கலம், உண்ட வீடு, உண்ட நாள் எல்லாமே நமக்கு இயல்பாக வருகின்றன. ஒரே சொல், ஆறு வாசல்.

ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் எச்சத்துக்கு அந்த ஆறில் இரண்டு வாசல்தான் திறக்கும். செய்பவர் என்றால் இங்: ‘தி மேன் ஈட்டிங் தி ரைஸ்’. செயப்படுபொருள் என்றால் வி த்ரீ: ‘தி ரைஸ் ஈட்டன் பை தி மேன்’. மற்ற நான்குக்கும் எச்சத்தை விட்டுவிட்டு முழு வாக்கியமாக விரித்துச் சொல்ல வேண்டும். ‘உண்ட தட்டு’ என்பது ‘தி பிளேட் ஹீ ஏட் ஃப்ரம்’. அதை ‘தி ஈட்டன் பிளேட்’ என்று எழுதினால் ஆள் தட்டையே தின்றுவிட்டான் என்று ஆகும்.

பழுது பார்ப்பது இப்படி. பெயரைத் தனியே எடுத்து எழுவாயாக நிறுத்துங்கள். ஆவணங்கள் கொடுக்கின்றனவா, கொடுக்கப்படுகின்றனவா? கொடுக்கப்படுகின்றன. ஆகவே சப்மிட்டட். விண்ணப்பதாரர்கள் கொடுக்கிறார்களா, கொடுக்கப்படுகிறார்களா? கொடுக்கிறார்கள். ஆகவே ‘தி கேண்டிடேட்ஸ் சப்மிட்டிங் தி டாக்குமெண்ட்ஸ்’.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். இங் என்றால் நிகழ்காலம், வி த்ரீ என்றால் இறந்தகாலம் என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. இந்த இடத்தில் காலத்துக்கு வேலையே இல்லை. ‘பீப்பிள் லிவிங் இன் மெட்ராஸ் பிஃபோர் 1947’ என்று தாராளமாக எழுதலாம். அவர்கள் அன்று வாழ்ந்தவர்கள்தான், ஆனாலும் இங். ‘வாழ்ந்த’ என்று தமிழில் இறந்தகாலம் வருவதைப் பார்த்து ‘லிவ்டு’ என்று போட்டுவிடாதீர்கள்.

சரி, விதிவிலக்கு? உண்டு. ‘ரிட்டயர்டு டீச்சர்’ என்கிறோம். அவரை யாரும் ரிட்டயர் ஆக்கியதாக அர்த்தமில்லை, அவரேதான் ஓய்வு பெற்றார். ‘ஃபாலன் லீவ்ஸ்’, ‘எஸ்கேப்டு ப்ரிஸனர்’ இவையும் இந்த வகை. செயப்படுபொருள் இல்லாத சில வினைகளில் வி த்ரீ ‘முடிந்துவிட்டது’ என்பதை மட்டும் சொல்லும். ‘டெவலப்பிங் கன்ட்ரி’ வளரும் நாடு, ‘டெவலப்டு கன்ட்ரி’ வளர்ந்த நாடு என்று தமிழிலும் அது அழகாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் இந்தச் சலுகை எல்லா வினைக்கும் இல்லை. ‘தி அரைவ்டு ட்ரெயின்’ என்று யாரும் சொல்வதில்லை. காதில் கேட்டுப் பழகிய சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகப் புதிது படைக்க வேண்டாம்.

‘தி ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்ட்’ என்பதில் சிவப்புக்கோடு விழுகிறது

‘வாஸ்’ என்பதை இறந்தகால முத்திரை என்று நினைத்து எல்லா வினைக்கும் முன்னால் குத்துவதால் வருவது. வினையிடம் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். எதை எழுதினான்? கடிதத்தை. பதில் வருகிறது, ஆகவே ‘வாஸ் ரிட்டன்’ முடியும். எதை நடந்தது? கேள்வியே நொண்டுகிறது. ஆகவே ஹேப்பனுக்குச் செயப்பாட்டுவினை கிடையாது, ‘ஹேப்பண்ட்’ மட்டும் போதும். அக்கர், டை, அரைவ், அப்பியர், எக்ஸிஸ்ட், பிலாங், கன்சிஸ்ட் எல்லாம் இந்தக் கூட்டம். ‘தி கமிட்டி இஸ் கன்சிஸ்டட் ஆஃப் ஃபைவ் மெம்பர்ஸ்’ என்று கமிட்டி அறிக்கைகளிலேயே பார்த்திருக்கிறேன். ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ என்று எழுதினால் முடிந்தது.

இந்தச் சோதனையை ஏமாற்றும் ஒரு சொல் உண்டு: ‘போர்ன்’. தமிழில் ‘பிறந்தேன்’ என்பதற்கு எதை, யாரை எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அது ‘பேர்’ என்ற வினையிலிருந்து வருகிறது. சுமப்பது, பெறுவது என்று பொருள். அம்மா பெற்றாள், நான் பெறப்பட்டேன். அதனால் ‘ஐ வாஸ் போர்ன்’. வேலை விண்ணப்பங்களில் வரும் ‘ஐ ஆம் போர்ன் அண்ட் பிராட் அப் இன் மதுரை’ என்பதில் செயப்பாட்டுவினை சரி, காலம்தான் தப்பு. பிறந்து வளர்ந்து முடிந்தாயிற்றே, ‘வாஸ்’ போடுங்கள்.

‘தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்’ என்றேன், ‘யார் உடைத்தது?’ என்று கேட்கிறார்கள்

டம்ளரைக் கீழே போட்ட பிள்ளைக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டாம். ‘உடைஞ்சிடுச்சும்மா’ என்றுதான் சொல்லும், ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்லாது. தமிழில் உடைந்தது–உடைத்தான், கிழிந்தது–கிழித்தான், நின்றது–நிறுத்தினான் என்று இரண்டிரண்டு வினை இருக்கிறது. ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே வினையை இரண்டு வேலைக்கும் வைத்து ஓட்டும். ப்ரேக், ஓபன், ஸ்டாப், மெல்ட், பாயில் எல்லாம் அப்படி.

ஆக, உடைந்தது என்றால் ‘தி கிளாஸ் ப்ரோக்’. உடைத்தேன் என்றால் ‘ஐ ப்ரோக் தி கிளாஸ்’. ‘வாஸ் ப்ரோக்கன்’ என்று சொன்னால், கேட்பவர் மனதில் உடைத்தவர் ஒருவர் வந்து நிற்க இடம் உண்டு. நான் பார்த்தபோதே உடைந்து கிடந்தது என்ற நிலையைச் சொல்லவும் ‘வாஸ் ப்ரோக்கன்’ வரும். எப்படி உடைந்தது என்று கதை சொல்லும்போது மட்டும் கவனம்.

‘ஐ டோல்ட் டு கம் டுமாரோ’ என்று எழுதினேன், யார் யாருக்குச் சொன்னது என்று புரியவில்லையாம்

‘நாளைக்கு வரச் சொன்னாங்க’ என்பதன் நேர் ஆங்கிலம் இது. சொன்னவர் யார் என்று நாம் சொல்லவில்லை, யாருக்குச் சொன்னார் என்பதையும் விட்டுவிட்டோம். தமிழில் அது உறுத்தாது. ஆங்கிலம் எழுவாய் இல்லாமல் நகராது. எனவே ‘ஐ’ என்று ஆரம்பித்தோம். அப்படி ஆரம்பித்ததும் சொன்னவரே நாம்தான் என்று ஆகிவிட்டது.

பள்ளியில் செயப்பாட்டுவினையை ‘ராமா கில்டு ராவணா, ராவணா வாஸ் கில்டு பை ராமா’ என்று திருப்பிப் போட்டுப் பழகினோம். அதனால் அது ஏதோ தேர்வுக்கான குட்டிக்கரணம் என்றே நினைத்துவிட்டோம். தமிழ்ப் பேச்சிலும் ‘ராவணன் கொல்லப்பட்டான்’ என்ற படு வடிவம் அபூர்வம். ‘சோறு சாப்பிடப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ஆனால் அதே வேலையைச் செய்ய நமக்கு வேறொரு கருவி இருக்கிறது: ஆள் இல்லாத ‘ஆங்க’. ‘வண்டியைத் திருடிட்டாங்க’, ‘ரோட்டை மூடிட்டாங்க’, ‘அவரை மதுரைக்கு மாத்திட்டாங்க’. இந்த ‘ஆங்க’ யார்? தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆங்கிலத்தின் செயப்பாட்டுவினை உட்காரும் நாற்காலி இதுதான். உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘ஆங்க’ வந்து, அவர்கள் யார் என்று கேட்டால் நீங்கள் விழிப்பீர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பாஸிவ் போடுங்கள். ‘மை பைக் வாஸ் ஸ்டோலன்.’ ‘தி ரோடு ஹேஸ் பீன் க்ளோஸ்டு.’ ‘ஹீ வாஸ் டிரான்ஸ்ஃபர்டு டு மதுரை.’ ‘ஐ வாஸ் டோல்ட் டு கம் டுமாரோ.’ கடைசியில் ‘பை’ போட்டு யாரையும் இழுக்க வேண்டாம். ‘மை பைக் வாஸ் ஸ்டோலன் பை எ தீஃப்’ என்பதில் அந்தத் திருடன் தண்டம். திருடாதவனா திருடியிருப்பான்?

‘தி மெயில் ஹேஸ் சென்ட்’, ‘தி ரோடு இஸ் ரிப்பேரிங்’: நடுவில் ஏதோ காணோம்

காணாமல் போனது முதலாவதில் ‘பீன்’, இரண்டாவதில் ‘பீயிங்’. இரண்டும் பேச்சில் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும் சொற்கள், அதனால் எழுத்திலும் தவறிவிடுகின்றன. விட்டுவிட்டால் பொருள் தலைகீழ். ‘யுவர் லீவ் ஹேஸ் அப்ரூவ்டு’ என்றால் உங்கள் லீவு எதற்கோ ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

‘அனுப்பியாச்சு’, ‘கட்டியாச்சு’, ‘சொல்லியாச்சு’ என்று தமிழில் ‘ஆச்சு’ போட வருகிற இடம் ‘ஹேஸ் பீன்’. மெயில் அனுப்பியாச்சு, ‘தி மெயில் ஹேஸ் பீன் சென்ட்’. ‘பண்ணிட்டிருக்காங்க’ என்று வருகிற இடம் ‘இஸ் பீயிங்’. ரோட்டை ரிப்பேர் பண்ணிட்டிருக்காங்க, ‘தி ரோடு இஸ் பீயிங் ரிப்பேர்டு’.

இதில் தவறுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றுதான் எழுதினார்கள். ‘இஸ் பீயிங் பில்ட்’ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. 19ஆம் நூற்றாண்டில்கூட அதை அசிங்கமான புதுமை என்று திட்டிய ஆங்கில இலக்கணக்காரர்கள் இருந்தார்கள். கடைசியில் அவர்கள் தோற்றார்கள். அதனால் இன்று நமக்குச் சிவப்பு மை.

‘வாஸ் ரோட்’, ‘ஹேவ் வென்ட்’ போன்றவை வேறு ரகம். அமைப்பு சரி, வி த்ரீக்குப் பதில் வி டூ விழுந்துவிட்டது. மனப்பாடம்தான் மருந்து.

‘ஐ கட் மை ஹேர்’ என்றேன், ‘நீங்களேவா?’ என்கிறார்கள்

‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றால் தமிழில் சலூனுக்குப் போனேன் என்பது தானாகப் புரியும். ‘வீடு கட்டுறேன்’ என்றால் யாரும் நம் கையில் கொத்துக்கரண்டியைத் தேடுவதில்லை. ஆங்கிலம் அப்படியே நம்பிவிடும். ‘ஐ ஆபரேட்டட் மை ஐ’ என்று ஒருவர் லீவு கடிதத்தில் எழுதியிருந்தார். சொந்தக் கண்ணைத் தானே ஆபரேஷன் செய்துகொண்ட வீரரைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

பிறரைக் கொண்டு செய்வித்தால் ‘ஹேட்’ அல்லது ‘காட்’, பிறகு பொருள், பிறகு வி த்ரீ. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்.’ ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்டு.’ ‘ஐ ஹேட் மை ஐ ஆபரேட்டட் ஆன்.’ கடைசியில் அந்த ‘ஆன்’ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம். ‘ஐ ஹேட் ரிப்பேர்டு மை பைக்’ என்று மாற்றினால் ஸ்பேனர் மறுபடி உங்கள் கைக்கே வந்துவிடும்.

கடைக் கதவில் ‘ஷாப் க்ளோஸ்’

அப்படி எழுதி, படிப்பவர் அந்தச் சொல்லைப் பெயரடையாக எடுத்துக்கொண்டால் ‘கடை பக்கத்தில்’ என்று பொருள். மூடியிருக்கிறது என்றால் ‘க்ளோஸ்டு’. ஆனால் திறந்திருக்கிறது என்பதற்கு ‘ஓபன்டு’ அல்ல, வெறும் ‘ஓபன்’. ஒன்றுக்கு வால் வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். நியாயம் கேட்காதீர்கள்.

‘ரீச்சிங் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’: ரயில் எங்கே போய்ச் சேர்ந்தது?

முன்னால் தனியாக நிற்கும் இங், காற்புள்ளிக்கு அடுத்து வரும் பெயரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இங்கே அடுத்து நிற்பது ரயில். ஆக, ஸ்டேஷனை அடைந்ததும் ரயில், கிளம்பியதும் ரயில். நடுவில் நீங்கள் இல்லவே இல்லை.

இதற்கான சோதனை நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. ‘செய்து’ என்ற வினையெச்சம் அந்த வினையைச் செய்தவனின் வினையையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பியத்தின் வினையியல். ‘அவன் வந்து உட்கார்ந்தான்’ என்றால் வந்தவனும் உட்கார்ந்தவனும் ஒருவனே. ஆள் மாறினால் ‘மழை பெய்யப் பயிர் தழைத்தது’ என்று ‘செய’ வடிவத்துக்குப் போக வேண்டும். அல்லது ‘-போது’, ‘-ஆல்’ என்று எதையாவது ஒட்ட வேண்டும்.

உங்கள் வாக்கியத்தைத் தமிழில் ‘செய்து’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘நான் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கினேன்’ என்று வந்தால் ‘ரீச்சிங் தி ஸ்டேஷன், ஐ பாட் எ டிக்கெட்’ பாதுகாப்பு. ‘நான் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் கிளம்பிவிட்டது’ என்பது காதிலேயே இடிக்கிறது, ‘போனபோது’ வேண்டும். அப்படியானால் ஆங்கிலத்திலும் இங்கை எடுத்துவிட்டு ‘வென் ஐ ரீச்டு தி ஸ்டேஷன்’ என்று எழுதுங்கள்.

ஒரே ஒரு பள்ளம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று காரண காரியமாக வரும் இடத்தில் தமிழ் ஆள் மாறினாலும் விட்டுக்கொடுக்கும். ஆங்கிலம் கொடுக்காது. ‘ரெயினிங் ஹெவிலி, தி டேங்க் ஃபில்டு’ என்று எழுதினால் குளமே மழையாகப் பெய்துவிட்டது என்று ஆகிவிடும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கடிதம் கல் மாதிரி இருக்கிறது

இது பாஸிவ் அதிகமானதால் வரும் சீக்கு. அரசாங்கக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நம் கை பழகிவிட்டது. ‘இட் இஸ் இன்ஃபார்ம்டு தட் தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்டு’ என்பதில் கனம் மட்டுமல்ல, பிழையும் இருக்கிறது. இன்ஃபார்மிடம் ‘யாரை?’ என்று கேட்டால் பதில் ஒரு ஆளாக இருக்க வேண்டும். ‘இட்’ ஆள் இல்லை. ‘தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்டு’ என்று மட்டும் எழுதினால் யார் தடுக்கப்போகிறார்கள்?

அதற்காகப் பாஸிவே கூடாது என்று கிளம்புவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பில் ‘தி சாம்பிள் வாஸ் ஹீட்டட் டு 80 டிகிரீஸ்’ என்று இருப்பதுதான் அழகு. சூடாக்கியது யார் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. யார் செய்தார் என்பதுதான் கேள்வியே என்னும் இடத்தில் அதைப் பயன்படுத்துவதுதான் சிக்கல். 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றித் தன் ஆண்டு உரையில் பேசும்போது ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறுகள் நடந்தன, சரி, செய்தது யார்? வாக்கியத்தில் அதற்கு நாற்காலியே போடவில்லை. உடைஞ்சிடுச்சும்மா என்ற அதே பிள்ளைதான், கோட் சூட் போட்டிருக்கிறது.

எனவே வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும்போது ‘தி ராங் ஐட்டம் வாஸ் டெலிவர்டு’ என்று இருந்தால் நான் அடித்துவிட்டு ‘வீ டெலிவர்டு தி ராங் ஐட்டம்’ என்று மாற்றிவிடுவேன். எழுதியவர் ஒவ்வொரு முறையும் கேட்பார், ‘சார், முதல் வாக்கியமும் கிராமர் சரிதானே?’ சரிதான்.